சென்னியப்பனார் கட்டிய படல்

கொங்கு நாட்டின் தென்கோடியில், வெள்ளைக்கரட்டூர் என்னும் சிற்றூரில், காலஞ்சென்ற நல்லப்பன் அவர்களுக்கு மூத்த மகனாகப் பிறந்தவர் சென்னியப்பனார். இங்கு எழுதப்படும் செய்தி நிறைவுற்ற ஆண்டில் அவருக்கு அகவை எழுபது நிறைந்து எழுபத்தொன்று நடந்துகொண்டிருந்தது.

அவர் குருவாக வரித்துக்கொண்ட மரகதம்மையாருக்கு அகவை நாற்பத்தாறு. கரடு என்னும் சிறுகுன்றின் மேற்குச் சரிவில், கிணற்றை ஒட்டிய சிறு மடத்தில் அவர் தனியே வாழ்ந்துவந்தார். வயதில் இளைய பெண்ணிடம் கிழவர் பாடம் கேட்கப் போகிறாரே என்று ஊரார் சிரித்தனர். சென்னியப்பனார் அதற்குச் சினம் கொள்ளவில்லை. சினம் கொள்ளவும் தெம்பு வேண்டும். அது அவரிடம் மிச்சம் இல்லை.

ஒருநாள் அவர் மடத்துக்குச் சென்று வணங்கி நின்றார்.

"தாயே, எனக்கு இங்க ஒரு மூலை வேணுமுங்க."

"எதுக்கு ஐயா?"

"அலுத்துப்போச்சுங்க. இருக்கற காலத்த இங்கயே கழிச்சர்றேன்."

"வீட்டுல யார் இருக்காங்க?"

"என்ற சம்சாரம் பாவாயி. ஒரு மாடு, கன்னுக்குட்டி, அப்புறம் கொஞ்சம் ஆடுக. நாய்த் தொல்லைதான் பெரும்பாடு. நல்லதா ஒரு வேலி போட்டுட்டு வந்தா அவ பாத்துக்குவா."

"அப்ப வேலி முடியட்டும். வாங்க."

அக்காலத்தில் தெருநாய்கள் கூட்டமாகத் திரிந்து, பட்டிகளுக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றுவந்தன. சென்னியப்பனாரின் வீடு ஊரைவிட்டு விலகிக் காட்டுக்குள் இருந்தது. ஆகவே வேலி அவருக்கு ஓர் அழகுப் பொருள் அன்று. அது இல்லாவிட்டால் பட்டி இல்லை. பட்டி இல்லாவிட்டால் பாவாயிக்குப் பிழைப்பு இல்லை.

முதலில் கிளுவைக் குச்சிகளை வெட்டிவந்து வரிசையாக நட்டார். மழை பொய்த்தது. பாதிக் குச்சிகள் காய்ந்தன. துளிர்த்த பாதியை ஆடுகள் மேய்ந்தன.

அடுத்த ஆண்டு சீமைக்கருவேல முள்ளை வெட்டி அடைத்தார். காய்களைக் கழிக்காமல் அப்படியே அடைத்ததுதான் பிழையாயிற்று. ஆடுகள் வேலியில் தொங்கிய காய்களைத் தின்றன. புழுக்கையோடு விதைகளை வாசலெங்கும் போட்டன. வெளியே முள்ளைக் கறையான் அரித்துச் சாய்த்தது. ஒரு மழைக்குப் பின் வாசலில் கருவேலங்கன்றுகள் பசேலென்று எழுந்து நின்றன.

பாவாயி குனிந்து அவற்றைப் பிடுங்கிக்கொண்டே சொன்னார்:

"ஏனுங்க மாமா, வேலிய வெளியதானே போட்டீங்க? அது வீட்டுக்குள்ள குடிவந்துருச்சு பாருங்க."

"வாய மூடீட்டுப் புடுங்கு புள்ள."

"வாய மூடீட்டுத்தான் இத்தன வருசமா புடுங்கறேன்."

மூன்றாம் முறை சென்னியப்பனார் கற்கால்களை ஊன்றினார். கால்களுக்கு இடையில் கிளுவையை நெருக்கி நட்டார். குடத்தில் நீர் சுமந்து ஊற்றினார். வேர் பிடிக்கும்வரை ஆடுகளை அண்டவிடவில்லை. இடைவெளிகளில் காய் கழித்த முள்ளைச் செருகினார். வேலி தழைத்து இறுகியது. ஓணான்கூட அதன் முன் நின்று யோசித்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. அவருடைய முதுகு அதற்குள் வளைந்துவிட்டது.

எஞ்சியது வாயில் ஒன்றுதான். அதை மூடுவதற்கு ஒரு படல் கட்டினார். சிறுபடலாக இருந்தால் நாய் முட்டித் தள்ளும். மாடு கொம்பால் நெம்பும். ஆகவே கருவேலங்கட்டைகளை அடுக்கி, நெடுக முள் செருகி, அடிப்பக்கத்தில் உடைந்த ஆட்டுக்கல்லைக் கம்பியால் இறுக்கினார். கை வைப்பதற்கு முள் இல்லாத பிடி ஒன்றை மட்டும் விட்டார். அது அவருடைய தோள் உயரத்தில் இருந்தது. காலையில் அங்கே தோள் கொடுத்துத் தூக்கித் திருப்பிப் படலைத் திறப்பார். கால்நடைகளைக் காட்டுக் கிணற்றுத் தொட்டிக்கு ஓட்டிச்சென்று நீர் காட்டுவார். வந்ததும் மூடுவார். மாலையிலும் அப்படியே. அதன்பிறகு ஒரு நாயும் உள்ளே வரவில்லை.

அவர் மடத்துக்குப் போய்ச் சொன்னார்.

"வேலி முடிஞ்சுதுங்க தாயே. இனி ஒரு வேலையும் பாக்கி இல்ல."

"நான் வந்து பாக்கலாமா?"

"வாங்க. காலைலயே வந்துருங்க."

மறுநாள் காலையில் மரகதம்மையார் வந்தார். வேலியைச் சுற்றி மெல்ல நடந்தார். கிளுவையின் அடியை விரலால் அசைத்துப் பார்த்தார். அது அசையவில்லை.

"நல்ல வேலி ஐயா."

சென்னியப்பனாரின் கண்கள் கலங்கின. அந்தச் சொல்லுக்காக அவர் நெடுங்காலம் காத்திருந்தார்.

"அப்ப எனக்கு உத்தரவுங்களா?"

"மடம் தெறந்துதான் கெடக்குது. நீங்க முன்னால போங்க. நான் பாவாயி அம்மாகூட நாலு வார்த்தை பேசிட்டு, பின்னால வர்றேன்."

சென்னியப்பனார் மாற்று வேட்டியைத் துண்டில் முடிந்துகொண்டார். மனைவியைப் பார்த்தார்.

"போயிட்டு வர்றேன், பாவாயி."

"வர்றேன்னு ஏன் சொல்றீங்க? போறேன்னு சொல்லுங்க."

அவர் முடிச்சைத் தோளில் போட்டுக்கொண்டார். வெளியே வந்து, பழக்கத்தின்படி தோள் கொடுத்துப் படலை மூடினார். நாய் வந்துவிடக் கூடாதல்லவா? பிறகு கரட்டை நோக்கி நடந்தார்.

மடத்தில் வேப்பமரத்தடியில் படுத்தார். உறக்கம் வந்தது. விழித்தபோது வெயில் தலைக்கு மேல் இருந்தது. குருவைக் காணோம். மறுபடி உறங்க முயன்றார், இயலவில்லை. பொழுது சாய்ந்தது. அப்போதும் காணோம். மடத்துக் கிணற்றில் நீர் இறைத்து முகம் கழுவியபோது, தம் மாட்டுக்கு இது தொட்டிக்குப் போகும் வேளை என்பது நினைவுக்கு வந்தது. உடனே வீட்டை நோக்கி நடந்தார்.

பாதி வழியிலேயே மாடு கதறுவது கேட்டது. அவர் நடையை எட்டிப் போட்டார்.

வாசலில் ஆடுகள் வேலியோரம் ஒடுங்கி நின்றன. கன்றுக்குட்டி கால் மடக்கிக் கிடந்தது. வெறுங்குடம் ஒன்று உருண்டு கிடந்தது. கவிழ்த்த கூடையின் மேல் பாவாயி அமர்ந்திருந்தார். அருகில் மரகதம்மையார் தரையில் அமர்ந்திருந்தார். அவருடைய இரு உள்ளங்கைகளிலும் முள் கீறிய குருதி உலர்ந்திருந்தது.

சென்னியப்பனார் படலுக்கு வெளியே நின்றபடியே கத்தினார்.

"ஏ புள்ள, மாடு இந்தக் கத்துக் கத்துதே, தொட்டிக்கு ஓட்டுனா என்ன?"

"எப்படி ஓட்டறது? பறந்தா?"

"படலத் தெறக்கறது!"

"வாங்க மாமா, வந்து தெறந்து காட்டுங்க. நாங்க ரெண்டு பேரும் பகலெல்லாம் மல்லுக்கட்டிப் பாத்தாச்சு."

"ஏன் பாவாயி, இதுக்கு முந்தி ஒரு தடவகூடச் சொல்லலியே?"

"இதுக்கு முந்தி நீங்க போகலியே."

அவர் குருவை நோக்கினார்.

"தாயே, பின்னால வர்றேன்னு சொன்னீங்களே?"

"வரத்தான் பாத்தேன் ஐயா. பிடி எட்டலை."

அவர் படலைத் திறந்தார். மாடு அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு கிணற்றுப் பக்கம் ஓடியது. ஆடுகள் அதன் பின்னால் ஓடின. கன்றை அவரே தூக்கிச் சென்றார். தொட்டியில் அவை வாய் வைத்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

மரகதம்மையார் அங்கேயே தங்கினார். விடிந்ததும் சென்னியப்பனார் படலைக் கழற்றினார். ஆட்டுக்கல்லை அவிழ்த்தார். கருவேலங்கட்டைகளை நீக்கிவிட்டு மூங்கிற்பட்டைகளைக் கட்டினார். பிறகு மனைவியை அழைத்தார்.

"இங்க வந்து நில்லு."

"எதுக்கு?"

"நில்லுன்னா நில்லேன்."

பாவாயி வந்து நின்றார். அவருடைய இடுப்பு உயரத்துக்கு ஓர் அடையாளம் வைத்து, அங்கே பிடியைக் கட்டினார். பாவாயி ஒரு கையால் இழுத்தார். படல் திறந்தது. மூடினார். மறுபடியும் திறந்தார். சிறுபிள்ளையைப் போல அதையே செய்துகொண்டிருந்தார்.

"போதும் புள்ள, அந்துபோயிரும்."

"அந்துபோனாக் கட்டுங்க."

சென்னியப்பனார் குருவின் பக்கம் திரும்பினார். அவர் குரலில் களைப்பு மிகுந்திருந்தது.

"இப்பச் சரிங்களா தாயே? ஆனா ஒண்ணு. இத நாய் முட்டுனாத் தெறந்துக்கும். மாடு ஒரசுனாலும் தெறந்துக்கும். யாராச்சும் ஒருத்தர் எப்பவும் உள்ள இருந்து ஒரு கண்ணு வெச்சுக்கோணும்."

"ஆமா ஐயா. யார் இருக்கப் போறீங்க?"

இந்தக் கேள்வி சென்னியப்பனாருக்கு விளங்கவில்லை. விடை அவருக்கு எப்போதுமே தெரிந்திருந்தது. ஆகையால் இது ஒரு கேள்வி என்று அவர் ஒருநாளும் எண்ணியதில்லை.

பாவாயி படலின் பிடியை விடாமல் நின்றார். பிறகு குருவைப் பார்த்துக் கேட்டார்:

"ஏனுங்க தாயி, அந்த மடத்துல பேசாமப் படுத்துத் தூங்கலாமுங்களா? பூசை, பாட்டு, பாத்திரம் கழுவறது, அது இதுன்னு ஒண்ணும் பண்ணோணுமுங்களா?"

"ஒண்ணும் வேண்டாம் அம்மா. தூங்கலாம்."

"யாரும் எழுப்ப மாட்டாங்களே?"

"எழுப்ப மாட்டாங்க."

"அப்ப நான் வர்றனுங்க."

பாவாயி உள்ளே சென்றார். சேலை ஒன்றை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். கணவரைப் பார்த்து, "கன்னுக்கு வெதுவெதுன்னு தண்ணி வெய்யுங்க. கருப்பாடு முட்டும், பாத்து நில்லுங்க," என்றார். தாமே படலைத் திறந்துகொண்டு வெளியே போனார்.

மரகதம்மையாரும் எழுந்தார். சென்னியப்பனார் இரண்டடி முன்னே வந்தார்.

"தாயே, அப்ப நானு?"

குரு வேலியை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார்.

"நல்லாத்தான் கட்டியிருக்கீங்க ஐயா. கொஞ்ச நாள் உள்ளே இருந்தும் பாருங்க."

அவரும் பாவாயியின் பின்னே போனார். சென்னியப்பனார் படலை மூடிக்கொண்டு உள்ளே நின்றார்.

அன்று விகாரி ஆண்டு, புரட்டாசித் திங்கள் ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை.