குழாய்ப் பள்ளம்

பச்சைமலைச் சரிவில் பன்னிரண்டு ஏக்கர் நிலத்தோடு ஓர் ஆசிரமம் இருந்தது. அதன் குரு தவமணி அம்மாவுக்கு வயது நாற்பத்தெட்டு. முன்பு அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். நிலத்தைக் கவனித்துக்கொண்ட சீடர் கோதண்டத்துக்கு அறுபத்து மூன்று. லேத் பட்டறையில் முப்பது வருஷம் மேஸ்திரியாக இருந்துவிட்டு வந்தவர். மூத்தவர் கேட்பார், இளையவர் பதில் சொல்வார். அங்கே யாருக்கும் அது விநோதமாகப் பட்டதில்லை.

இரண்டு வருஷமாகக் கோதண்டத்தின் மனசில் ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. ஆசிரமத்தில் பக்தர் ஒருவர் கொடுத்த மினி டிராக்டர் இருந்தது. அதன் பின்னால் மாட்டிக்கொள்ள பேக்ஹோ என்று ஒன்று விற்கிறார்கள். மண் தோண்டும் இரும்புக் கை. துறையூர்க் கடையில் அதை அவர் நான்கு முறை பார்த்துவிட்டு வந்திருந்தார். நான்கு முறையும் வெறுங்கையோடுதான் திரும்பினார்.

வாங்குவதற்குக் காரணம் நிறைய இருந்தது. மரக்கன்றுக்குக் குழி எடுக்க வேண்டும், குட்டையைத் தூர்வார வேண்டும். பெரிய பொக்லைனை வாடகைக்குக் கொண்டுவரலாம் என்றால் வழியிலிருந்த ஓடைப் பாலம் தாங்காது. வாங்காமல் இருப்பதற்கும் காரணம் இருந்தது. வருஷத்தில் பாதி நாள் அது தார்ப்பாய்க்கு அடியில் சும்மா கிடக்கும். ஆசிரமத்து டிராக்டரோ எடை குறைந்தது, இரும்புக் கை இழுத்தால் தூக்கிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலே கூலிக்கு வரும் ஆண்டியப்பன் இருந்தார். பதினெட்டு வருஷமாக ஆசிரமத்தில் மண் வேலை முழுக்க அவருடைய கடப்பாரையில்தான் நடந்தது.

அந்தத் தை மாதம் காட்டுப்பன்றிகள் ஊற்றிலிருந்து வரும் குழாயைக் கடித்துக் குதறிவிட்டன. சமையல்கட்டுக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்தார்கள். புதுக் குழாயை மண்ணுக்குள் பதிக்க வேண்டும் என்று முடிவானது. முந்நூறு அடி நீளம், இரண்டரை அடி ஆழம், வழியெல்லாம் கெட்டியான சுக்கான் பாறை.

கோதண்டம் குருவிடம் போனார். அம்மா முறத்தில் துவரையைப் புடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கலாமா அம்மா, வேண்டாமா?"

"வாங்கினா என்ன?"

"ஆண்டியப்பன் வயித்துல அடிச்ச மாதிரி ஆயிடும்."

"வாங்கலைன்னா?"

"வேலை நகராது."

அம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

"நாளையிலேருந்து நீங்களும் அவரோட பள்ளத்துல இறங்குங்க."

"எத்தனை நாளைக்கு?"

"தோண்டி முடியற வரைக்கும்."

பதில் கேட்டுப் போனவருக்கு மண்வெட்டி கிடைத்திருந்தது. ஆனாலும் மறுநாள் காலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். கூட ஆள் வருவதைப் பார்த்து ஆண்டியப்பன் சந்தோஷப்படவில்லை. சாமிக்கு எதுக்கு இந்த வேலை என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

முதல் நாளே உள்ளங்கை கொப்பளித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு தொடர்ந்தார். பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான் சிலது கண்ணில் பட்டது. ஆண்டியப்பன் குனிவதற்கு முன் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். பத்துப் பதினைந்து குத்துக்கு ஒருமுறை கடப்பாரையை ஊன்றி, அதன்மேல் சாய்ந்து, வானத்தைப் பார்த்தார். டிராக்டர் கொட்டகையிலிருந்து கோதண்டம் இதை எத்தனையோ தரம் பார்த்ததுண்டு. மனுஷன் காற்று வாங்குகிறார் என்று நினைத்திருந்தார். இப்போது அந்த முகம் இரண்டு முழத் தூரத்தில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் மதியம் சாப்பாட்டு மணி அடித்தது. கோதண்டம் மேலே ஏறிவிட்டார். ஆண்டியப்பன் ஏறவில்லை. குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். நிமிர முடியவில்லை. கோதண்டம் திரும்ப இறங்கி, அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, மண்மேட்டில் சாய்த்து உட்கார வைத்தார். வலி அடங்கி மூச்சு சீராகக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எவ்வளவு நாளா இப்படி?"

"மூணு வருஷமாச்சு சாமி."

"ஏன் சொல்லல?"

"சொன்னா வேற ஆளக் கூப்பிடுவீங்க."

கோதண்டம் தண்ணீர்ச் செம்பை நீட்டினார். பிறகு, சொல்லத்தான் வேண்டும் என்று தோன்றியதால் சொன்னார். டிராக்டரில் மாட்டும் மெஷின் ஒன்று இருப்பதையும், இரண்டு வருஷமாகத் தான் அதை வாங்காமல் தள்ளிப்போட்டு வருவதையும், அது யாருக்காக என்பதையும் சொன்னார். சொல்லும்போது குரலில் லேசாகக் கனிவும் ஏறியது.

ஆண்டியப்பன் நன்றி சொல்லவில்லை. செம்பை மண்ணில் வைத்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சாமி."

இடுப்புத் துண்டை அவிழ்த்து உதறிக்கொண்டே ஆண்டியப்பன் தொடர்ந்தார்.

"உக்காந்து பாக்குற வேலையா இருந்தா இன்னும் பத்து வருஷம் பாப்பேன்."

அன்று சாயங்காலம் கோதண்டம் நடந்ததைக் குருவிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். மெஷினை வாங்கப் போவதாகவும், ஆண்டியப்பனே அதை ஓட்டப் போவதாகவும், கூலியில் ஒன்றும் குறையாது என்றும் சொன்னார். சரி என்றார் அம்மா. முதலில் ஆண்டியப்பனின் முதுகை டாக்டரிடம் காட்டிவிட்டு, டாக்டர் சரி என்றால் கடைக்குப் போங்கள் என்று மட்டும் சேர்த்துக்கொண்டார்.

டாக்டர் கடப்பாரையைத் தொடக்கூடாது என்றார். மெஷினில் உட்காரலாம், ஆனால் மணிக்கு ஒருதரம் இறங்கி நடக்க வேண்டும் என்றார். துறையூருக்கு இரண்டு பேரும் மினி டிராக்டரிலேயே போனார்கள். கடைக்குப் பின்னால் இருந்த காலி மனையில் பேக்ஹோவை மாட்டி ஆண்டியப்பனை உட்கார வைத்தார்கள். முதல் இழுப்பிலேயே டிராக்டரின் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. கோதண்டம் பதறினார். ஆண்டியப்பன் நெம்புகோலைத் தளர்த்தி மெல்ல இறக்கிவிட்டு, முன்னால் எடை கட்டினால் போதுமே என்றார். கடைக்காரரும் அதைத்தான் சொல்ல வாயெடுத்திருந்தார். இரும்பு எடைகளையும் சேர்த்து வாங்கிக்கொண்டு திரும்பினார்கள்.

மிச்சமிருந்த பள்ளம் மூன்று நாளில் முடிந்தது. பாறை கெட்டியாக இருந்த இரண்டு இடங்களில் மெஷினும் தோற்றது. அங்கே கடப்பாரையைக் கோதண்டம் எடுத்துக்கொண்டார். எங்கே குத்த வேண்டும் என்று மேலே உட்கார்ந்தபடி ஆண்டியப்பன் சொன்னார். மாசி பிறக்கும் முன்பே சமையல்கட்டில் தண்ணீர் கொட்டியது.

எல்லாம் நன்றாகத்தான் முடிந்தது. ஆனால் கோதண்டத்துக்குச் சோறு இறங்கவில்லை. ஆண்டியப்பனின் மூன்று வருஷ வலியும், தன்னுடைய இரண்டு வருஷ யோசனையும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. ஒருநாள் காலைப் பூசை முடிந்து எல்லோரும் எழுந்து போனபின் அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"அந்த ரெண்டு வருஷமும் நான் வாங்காம இருந்தது அவர் மேல வச்ச இரக்கத்தாலதானே?"

அம்மா விளக்குத் திரியை உள்ளே இழுத்துவிட்டார்.

"அதையும் அவர்கிட்டயே கேளுங்க."