ஏலத்துக்கு வந்த ஏரி

நாவக்குடிக்காரங்களை யாராவது முட்டாள்னு சொன்னா எனக்குப் பொல்லாத கோபம் வரும். நடந்ததை நடந்தபடி சொல்றேன். அப்புறம் நீங்களாச்சு, உங்க வாயாச்சு.

நாவக்குடிக்கும் எதிர்க்குடிக்கும் நடுவுல ஒரு ஏரி. அதோட பழைய மதகு வெள்ளத்துல அடிச்சுக்கிட்டுப் போய் வருஷக் கணக்காச்சு. அது எந்த ஊர்ப் பக்கம் இருந்ததோ, அந்த ஊருக்குத்தான் ஏரின்னு பஞ்சாயத்துல பேச்சு. வெள்ளிக்கிழமை தீர்ப்பு. தோத்தா நாவக்குடி நெல்லுக்குச் சொட்டுத் தண்ணி கிடையாது.

அப்பதான் பட்டணத்துல ஒரு படம் ஏலத்துக்கு வருதுன்னு சேதி வந்தது. நூறு வருஷத்துக்கு முந்தி கத்தரீனான்னு ஒரு ஒல்லாந்து தேசத்து அம்மா, குடையும் முக்காலியுமா வந்து, மாசக்கணக்கா உட்கார்ந்து அந்த ஏரியை வரைஞ்சாங்களாம். கரை, பனைமரம், நாவக்குடிப் பக்கம் மதகு, எல்லாம் அச்சு அசல்.

ஊர்லேயே கெட்டிக்காரங்கன்னு பேர் எடுத்த மூணு பேரை ஊர்த் தலைவி வீராயி கூப்பிட்டா. சடையாண்டி, முத்திருளன், வெள்ளையப்பன்.

"இங்க பாருங்கப்பா, நமக்கு இருக்குறது அந்த ஒரே சாட்சிதான். போய் ஏலம் கேளுங்க. எவன் கேட்டாலும் நீங்க மேல கேளுங்க. வெறுங்கையோட வந்தீங்க, ஊரே பட்டினி."

"கவலையை விடு ஆத்தா"ன்னு பணமுடிப்பை வாங்கிக்கிட்டு மூணு பேரும் கிளம்பினாங்க.

ஏலக் கூடத்துல முன்வரிசையில உட்கார்ந்து, காதைத் தீட்டிக்கிட்டு ஏலம் கேட்டாங்க. வாயை மட்டும் திறக்கலை. ஒரு மிளகு வியாபாரி, "அம்பது வராகன்!"னு குரல் குடுத்தார்.

"அவன் கேட்டுட்டான்டா. நாம மேல கேக்கணும்"னு சடையாண்டி முத்திருளனை மாடிக்கு விரட்டினான். அவன் போன வேகத்துல திரும்பி வந்தான்.

"மேல என்னடா சொன்னாங்க?"

"மேல ஒரு பூனைதான் இருக்கு. நானும் பணிவாத்தான் கேட்டேன். பதிலே சொல்லலை."

"பெரிய இடத்துப் பூனை. யோசிச்சுத்தான் சொல்லும்."

அதுக்குள்ள ஏலக்காரர் சுத்தியலைத் தூக்கிட்டார். "ஒரு தரம்! ரெண்டு தரம்!"

வெள்ளையப்பன் நெஞ்சுல அடிச்சுக்கிட்டு எழுந்தான். "அடப்பாவி! முதல் தரமா இருந்த படம், கண்ணெதிர ரெண்டாந்தரமாப் போச்சே! இன்னும் விட்டா மூணாந்தரம்னுடுவான் போலிருக்கே!"

மிளகு வியாபாரி திடுக்கிட்டார். "என்னது, ரெண்டாந்தரமா? எனக்கு வேணாம் சாமி"ன்னு துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு நடையைக் கட்டினார். வேற ஆள் இல்லை. ஏலக்காரர் தலையில அடிச்சுக்கிட்டு, இவங்க முடிப்பை வாங்கிக்கிட்டுப் படத்தைக் குடுத்தார்.

"பத்திரம்யா. அந்தக் காலத்துல ஒரு பொம்பளை தூரிகை பிடிச்சதே அதிசயம். முழுக்க எண்ணெயில பண்ணினது."

வெள்ளிக்கிழமை காலையில ஊர்க் குளத்தங்கரைக்கு வந்ததும் சடையாண்டி நின்னுட்டான்.

"ஏம்ப்பா, நம்ம பஞ்சாயத்துல சாட்சி சொல்றவங்க தலை முழுகி, ஈரத்துணியோடதானே சத்தியம் பண்ணணும்?"

"ஆமா. இது மட்டும் முழுகாம எப்படிப் போகும்?"

"உடம்பெல்லாம் எண்ணெய்னு ஏலக்காரரே சொன்னார். பாவம், நூறு வருஷமா எண்ணெய் தேய்ச்சுட்டு உட்கார்ந்திருக்கு."

முத்திருளனுக்குச் சந்தேகம். "வெள்ளிக்கிழமை பொம்பளைங்க எண்ணெய் முழுகுற நாளாச்சே. இது ஆம்பளையா, பொம்பளையா?"

"பொம்பளை வரைஞ்சா பொம்பளைதான்"னு வெள்ளையப்பன் முடிச்சு வச்சான்.

வீட்டுக்கு ஓடிச் சீயக்காய் கொண்டுவந்தாங்க. சட்டத்தைக் கழட்டி, படத்தைத் துவைக்கிற கல்லுல படுக்கப் போட்டாங்க. பொம்பளையாச்சே, பார்க்கலாமா? மூணு பேரும் மரியாதையா முகத்தைத் திருப்பிக்கிட்டு, தேங்காய் நாரால அழுத்தித் தேய்ச்சாங்க. பனைமரம் போச்சு. கரை போச்சு. மதகும் போச்சு. குளத்துத் தண்ணி பச்சையும் நீலமுமா மாறிச்சு.

கோயில் மண்டபத்துல பஞ்சாயத்து கூடியிருந்தது. படம் இருந்த ஈரத்துணியை விரிச்சுப் பார்த்த வீராயிக்குப் பொலபொலன்னு கண்ணீர் வந்துடுச்சு.

"பாவிங்களா, ஊர் வயித்துல அடிச்சுட்டீங்களே! ஏரி எங்கடா?"

"நம்ம குளத்துல கரைஞ்சு போச்சு ஆத்தா."

எதிர்க்குடித் தலைவர் பெரியகருப்பன் விழுந்து விழுந்து சிரிச்சார். சடையாண்டி பஞ்சாயத்தாரைக் கும்பிட்டான்.

"பெரியவங்களே, ஏரி, கரை, மதகு, மொத்தமும் இப்ப நாவக்குடிக் குளத்துக்குள்ள இருக்கு. எங்க குளத்துக்குள்ள இருக்குற ஏரி யாருக்குச் சொந்தம்?"

பஞ்சாயத்தார் அஞ்சு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. எழுந்து போய்க் குளத்தைப் பார்த்தாங்க. மூத்தவர் ஒரு கை அள்ளி நாக்குல வச்சுப் பார்த்தார்.

"ஏரியேதான். நாவக்குடிக்கே சொந்தம்!"

வீராயிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பெரியகருப்பன் துள்ளிக் குதிச்சார். "அநியாயம்! அந்தப் படத்துல எங்க பக்கத்துக் கரையும் இருந்துச்சே! எங்க பங்கு எங்கே?"

"அதுவும் நியாயம்தான். அளந்து எடுத்துக்கோ"ன்னுட்டாங்க பஞ்சாயத்தார்.

அன்னிக்கே எதிர்க்குடி ஜனங்க குடமும் கையுமா வரிசையில வந்து, குளத்துத் தண்ணியை மொண்டுக்கிட்டுப் போக ஆரம்பிச்சாங்க. சடையாண்டி மட்டும் படியிலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு குடத்தையும் துணியால வடிகட்டித்தான் அனுப்பினான். கரையோட கரையா மதகும் போயிடக் கூடாதாம்.