மரத்தடியில் நின்ற கறுப்புக் கார்

சாலைக்காகக் கண்மாய்க்கரைப் புளியமரத்தை வெட்டாதீர்கள், கொக்குகள் அடைகிற மரம் என்று மனுக் கொடுத்தே ஓய்ந்துபோனாள் இருளாயி. ஒருநாள் அதிகாரியே வந்தார். உச்சிவெயில், கொக்குகளெல்லாம் இரைதேடிப் போயிருந்தன.

"ஒரு கொக்குகூட இல்லையேம்மா! நான் கிளம்புறதுக்குள்ள காட்டு. இல்லன்னா நாளைக்கே வெட்டிருவோம்" என்றார், ஊரறிய.

"சரிங்கய்யா. காரு வெயில்ல காயுதே, மரத்தடியில நிறுத்தச் சொல்லுங்க."

ஊரில் எவரும் அங்கே சைக்கிள்கூட நிறுத்துவதில்லை.

பஞ்சாயத்து ஆபீசில் பொன்னாடை, பஜ்ஜி, நீண்ட பேச்சு எல்லாம் முடித்து அவர் திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. கறுப்புக் கார் வெள்ளையடித்தது போல நின்றது.

"எவன் வேலை இது?" என்று கத்தினார்.

இருளாயி மேலே கை காட்டினாள். "நீங்க இல்லேன்னு சொன்னவுகதான்யா."

ஊரே சிரித்தது. மரம் தப்பியது. இருளாயி மட்டும் சிரிக்கவில்லை.

"இவரு மாத்தலாகிப் போயிருவாரு. அடுத்து வர்றவரும் கார்லதான் வரணும், சாமி" என்றாள்.