அரசனின் நாக்கும் வெண்ணியின் ரசமும்

நெடுங்காலத்துக்கு முன்பு கருங்குன்ற நாட்டைச் சேந்தன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் முன்கோபி. சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் அன்றைக்கு அரசவையே நடுங்கும்.

பத்து நாள் கடும் காய்ச்சலில் கிடந்து எழுந்தவன், முதல் வேலையாக இலை போடச் சொன்னான். ஒரு வாய் ரசம் உறிஞ்சியதும் முகம் சுருங்கியது.

“இது ரசமா? புளித்த வெந்நீர்!”

விருந்து அதிகாரி குழைக்காதருக்கு உள்ளூரச் சந்தோஷம். மடைப்பள்ளியைத் தன் மைத்துனனுக்கு வாங்கித் தர வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. ஒரு சொட்டு நாக்கில் வைத்துவிட்டு, “பாத்திரம் கழுவிய தண்ணீர், அரசே! எனக்கே குமட்டுகிறது” என்றார்.

அடுத்த மூன்று நாளும் இதே கதை. “சமைக்கிற வெண்ணி நாளைக்கே நாட்டை விட்டுப் போகட்டும்!” என்று அரசன் கத்திவிட்டான்.

அமைச்சர் நக்கண்ணன் மடைப்பள்ளிக்குப் போனார். வெண்ணி அழுதபடியே மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, சமையலில் ஏதாவது மாற்றினாயா?”

“இல்லை ஐயா. அதே மிளகு, அதே சீரகம். பத்தொன்பது வருஷமா இதே கைதான். என் சமையலை விடுங்கள். காலையில் பால் தீய்ந்து அரண்மனையே நாறியது. அரசர் மட்டும் என்னவென்று கேட்கவே இல்லை.”

நக்கண்ணன் ஒரு கணம் யோசித்தார். “மூட்டையை அவிழ்த்து வை. நாளைக்கு எனக்கு இரண்டு கிண்ணம் வேண்டும்” என்றார்.

மறுநாள் சபையில் அவர் பேச்சை எடுத்தார். “குழைக்காதரே, ருசி பார்ப்பதில் உம்மை மிஞ்ச ஆளில்லையாமே?”

“பாயசத்தை நாக்கில் வைத்தால் எத்தனை ஏலக்காய் என்றே சொல்வேன்!”

“அப்படியானால் கண்ணைக் கட்டிக்கொள்ளும். மூக்கையும் பிடித்துக்கொள்ளும். ருசி பார்க்க நாக்கு போதுமே?”

ஒரு கரண்டி ஊட்டினார்கள். “ஆகா! பசுநெய், நாலு ஏலக்காய், அருமையான பாயசம்!”

கட்டை அவிழ்த்தால், கிண்ணத்தில் இருந்தது வெல்லம் கரைத்த நொய்க்கஞ்சி. சபை குலுங்கிச் சிரித்தது. அரசனும் சிரித்தான். “இங்கே கொடும், நான் சொல்கிறேன்” என்று கஞ்சியையும், அடுத்த கிண்ணத்திலிருந்த அசல் பாயசத்தையும் சாப்பிட்டான். அவன் மூக்கை யாரும் பிடிக்கவில்லை.

“இரண்டும் ஒன்றுதானே?” என்றான்.

சிரிப்பு சட்டென்று நின்றது.

நக்கண்ணன் அருகே போய்த் தணிந்த குரலில் சொன்னார்: “அரசே, இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பெல்லாம் நாக்கு சொல்லும். இது பாயசம், இது கஞ்சி என்று சொல்வது மூக்கு. காய்ச்சல் உங்கள் மூக்கை மந்தமாக்கிவிட்டது.”

அரசன் தன் மாலையிலிருந்த மல்லிகையை முகர்ந்தான். ஒன்றுமே தெரியவில்லை. “திரும்ப வருமா?”

“நேற்றே வைத்தியரைக் கேட்டேன். வரலாம் என்கிறார். எப்போது என்று அவருக்கும் தெரியவில்லை.”

அரசன் மாலையைக் கழற்றி வைத்தான். பிறகு குழைக்காதர் பக்கம் திரும்பினான். “எனக்கு மூக்கு இல்லை. உமக்கு இருந்ததே! நல்ல ரசத்தை ஏன் பழித்தீர்? அதிகாரி வேலை போதும். இன்று முதல் வெண்ணிக்கு அடுப்பு ஊதும்.”

அன்று வெண்ணி, வாசனை தெரியாமலே ருசிக்கும்படி புதிதாக யோசித்துச் சமைத்தாள். சுடச்சுடச் சோறு, குளிர்ந்த தயிர், எலுமிச்சையில் ஊறிய இஞ்சி, கடித்தால் காதில் நொறுங்கும் அப்பளம், பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகக் காய்கறிகள். முதல் கடியிலேயே அரசன் கண் கலங்கினான்.

“வெண்ணி, உன்னைத் துரத்தப் பார்த்தேனே...”

“அதெல்லாம் அப்புறம், அரசே. அப்பளம் நமத்துப்போகும், சாப்பிடுங்கள்.”