மூன்றாம் வரிசை

"இவள் அழுதுகொண்டே மருந்து கொடுக்கிறாள், தாயே. அழுகிறவளுக்கு யார் பிழைப்பார், யார் பிழைக்கமாட்டார் என்று எப்படித் தெரியும்? குப்பியை வாங்கி என்னிடம் கொடுங்கள்."

காலையிலிருந்து தருமலிங்கம் இதையே, ஒரு சொல் மாறாமல், மூன்று தடவை சொல்லிவிட்டார். மடத்துத் தலைவி வடிவம்மை அவரைவிடப் பத்து வயது சின்னவர். மூன்று தடவையும் முழுதாகக் கேட்டார்.

ஊரில் வாந்திபேதி. ஆற்றங்கரை மடத்தின் கீற்றுக் கொட்டகையில், மூன்று வரிசையாக, இருபத்துமூன்று பேர் பாயில் கிடந்தார்கள். குப்பியில் மிச்சம் ஒன்பது மாத்திரை. ஆற்றிலோ வெள்ளம். மருந்து வாங்கப் போன பரிசல் திரும்ப மூன்று நாளாகும்.

"நேற்று ஒரு கிழவருக்கு இரண்டு மாத்திரை கொடுத்தாள். விடிவதற்குள் போய்விட்டார். இரண்டும் பாழ்."

"அப்படியா, பூங்காவனம்?"

"ஆமா தாயே." பூங்காவனம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எங்கப்பா மாதிரியே முனகினாரு. மனசு கேக்கல."

"கேட்டீர்களா? மனசாம். அதைக் கழற்றி வெளியே வைத்தால்தான் மூளை வேலை செய்யும்."

"உம்மால் முடியுமா?" என்றார் வடிவம்மை.

"முப்பது வருஷமாக அப்படித்தான் இருக்கிறேன்."

அது பொய்யில்லை, அவரைப் பொறுத்தவரை. டவுனில் தருக்கம் சொல்லிக்கொடுத்துவிட்டு மடத்துக்கு வந்தவர். மனைவி செத்த மூன்றாம் நாளே பாடம் எடுக்கப் போனதை இன்றைக்கும் சொல்லிக்கொள்வார். கேட்பவர்கள் பேசாமல் இருந்தால், வியந்துபோய்விட்டார்கள் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

வடிவம்மை குப்பியை வாங்கி அவரிடம் கொடுத்தார்.

"நம் முறை தெரியுமல்லவா?"

தெரியும். அந்த மடத்தில் நோயாளியின் கையை யாரும் தாமாக எடுக்கமாட்டார்கள். பெயரைக் கேட்டு, பெயரைச் சொல்லி, கையைக் கொடு என்று கேட்க வேண்டும். அவரே நீட்ட வேண்டும். முடியாதவர் விரலையாவது அசைப்பார். அப்புறம்தான் நாடி பார்ப்பது.

தருமலிங்கம் ஒரு துண்டில் கற்பூரத்தை முடிந்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். யோசிப்பதற்கு வசதியாக இருந்தது. எழுதுபலகையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனார்.

மறுநாள் உச்சிப்பொழுதுக்கு வடிவம்மையைத் தேடிக்கொண்டு வந்தார். நடையிலேயே சேதி தெரிந்தது.

"எட்டுப் பேருக்குக் கொடுத்தேன். எட்டுப் பேரும் இருக்கிறார்கள். ஒரு மாத்திரையை அவசரத்துக்கென்று வைத்திருக்கிறேன். இதுவரை ஒன்றும் பாழாகவில்லை."

"நல்லது. வாரும், பார்க்கலாம்."

கொட்டகை வாசலில் பூங்காவனம் கஞ்சிப் பானையோடு உட்கார்ந்திருந்தாள். இன்று அவள் அழவில்லை. வடிவம்மை அவளை ஒருமுறை பார்த்துவிட்டுத் தருமலிங்கத்திடம் திரும்பினார்.

"பலகையைப் படியும்."

அவர் படித்தார். முதல் வரிசை, எட்டுப் பெயர். இரண்டாம் வரிசை, எட்டுப் பெயர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நாடி, கண், வயது, தேறுமா தேறாதா என்று குறித்திருந்தது. சுத்தமான கையெழுத்து.

"மூன்றாம் வரிசை?"

"மற்றவர்கள், ஏழு. தேறமாட்டார்கள்."

"அவர்கள் பெயர்?"

தருமலிங்கம் பலகையைப் பார்த்தார். மற்றவர்கள், ஏழு என்றுதான் இருந்தது. பலகையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"பெயர் கேட்காமல் கை கேட்டிருக்க முடியாதே," என்றார் வடிவம்மை.

"எல்லோரையும் பார்த்தேன், தாயே." பார்த்தோமா என்று யோசித்தார். பார்த்ததாகத்தான் இருந்தது. "தூரத்திலிருந்தே தெரிந்தது. முடிந்துபோன கட்டம்."

"செங்கமலம் எழுந்து உக்காந்துச்சு, ஐயா," என்றாள் பூங்காவனம்.

"யார் செங்கமலம்?"

"உப்பு விக்கிற பொண்ணு. மூணாம் வரிசையில கடைசி. நேத்து சாயங்காலம் எழுந்து உக்காந்து கஞ்சி கேட்டுச்சு."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"சொல்ல வந்தேன். முதல்ல கண்ணைத் துடைச்சுக்கோ, அழாமச் சொல்லுன்னீங்க. எனக்கு அழாமச் சொல்ல வரல. போயிட்டேன்."

தருமலிங்கம் வடிவம்மையைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்ல எளிதாக இருந்திருக்கும்.

"எனக்குப் பயம் கிடையாது, தாயே. அருவருப்பும் கிடையாது. இவளைப் போல எனக்கு எதுவும் தோன்றவே இல்லை."

"துண்டை அவிழ்த்துவிட்டுச் சொல்லும்."

அப்போதுதான் அவருக்கு மூக்கில் துண்டு இருப்பது நினைவு வந்தது. முடிச்சை அவிழ்த்தார்.

மூன்றாம் வரிசைக்கு அடுத்து மூங்கில் தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் கழிவுக் குழி. இரண்டு நாள் வெயிலில் அது கொதித்துக்கொண்டிருந்தது. நாற்றம் வந்து முகத்தில் அறைந்தது. அவருடைய கால்கள் இரண்டடி பின்னால் போயின. போகச் சொல்லி அவர் சொல்லவில்லை.

வடிவம்மை அந்தக் கால்களைப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார்.

"பூங்காவனத்துக்கு அழுகை வந்தால் அவளுக்குத் தெரியும், அழுகிறோம் என்று. இந்தப் பலகையில் மற்றவர்கள் என்று எழுதியது யார், தருமலிங்கம்?"

தருமலிங்கம் குப்பியைத் திறந்தார்.

குப்பியில் ஒரு மாத்திரை இருந்தது. அதை எடுத்துக்கொண்டு முதல் வரிசையைத் தாண்டி, இரண்டாம் வரிசையைத் தாண்டிப் போனார். துண்டு வாசலிலேயே கிடந்தது.

கடைசிப் பாயில் ஒரு பெண் தட்டிப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். இருபது வயது இருக்கும். தலைமாட்டில் கஞ்சி கொடுத்த கிண்ணம். விளிம்பில் இரண்டு ஈக்கள். கன்னத்தில் ஒன்று. அவள் அதை ஓட்டவில்லை.

தருமலிங்கம் மண்டியிட்டார். மாத்திரையை இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, வலது கையை அவள் பக்கம் நீட்டினார். தொடவில்லை. முறை அது.

"செங்கமலம், கையைக் கொடும்மா."

பூங்காவனம் வாசலில் அழத் தொடங்கியிருந்தாள். இந்தத் தடவை அவளை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

அவர் நீட்டிய கையை மடக்காமல் காத்திருந்தார்.

"ஒரு விரலையாவது அசைம்மா."