எஃகு மலை ஏகாம்பரம்

வாளி ஏகாம்பரம்னா தேரிக்கோட்டையில பச்சப்புள்ளைக்கும் தெரியும். முனிசிபல் சேர்மன். வயசு அம்பத்தஞ்சு. அந்த 'வாளி'ங்கிற பேரைக் கேட்டாலே அவருக்குப் பல்லு கூசும்.

அன்னைக்கு மடத்துக்குள்ள ஓடியே வந்தாரு. துண்டு ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். மடத்து அம்மா மரகதம் கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருந்தாங்க. அவரைவிட இருபது வயசு இளையவங்க, ஆனா அவருக்குக் குரு.

"தாயே, புதுப்பேரு கிடைச்சுருச்சு."

"யாருக்கு?"

"எனக்குத்தான். எஃகு மலை."

மூச்சு வாங்க விவரத்தைச் சொன்னாரு. நாளைக்குச் சாயங்காலம் பொதுக்கூட்டம். மெட்ராஸ்ல இருந்து கட்சித் தலைவரே வர்றாரு. சட்டசபைக்கு யார் நிக்கிறதுன்னு மேடையிலயே சொல்லப் போறாரு. சீட்டு கேக்குற இன்னொருத்தர் பேரு 'தென்பாண்டி வேங்கை'. வேங்கை பக்கத்துல வாளியை வச்சா எவன் மதிப்பான்? அதனால பட்டத்தை இவரே யோசிச்சு, பொன்னாடையை இவரே வாங்கி, அதைப் போர்த்துறதுக்கு ஆளையும் இவரே பிடிச்சு வச்சிருந்தாரு. ஊரெல்லாம் போஸ்டர். ஒரே ஒரு பயம்தான். தலைவர் முன்னால எவனாவது பழைய பேரைச் சொல்லிக் கத்திட்டா?

"அதை ஒரே நாள்ல அழிக்க வழி சொல்லுங்க தாயே."

அம்மா கீரையை ஒதுக்கி வச்சாங்க. "வாங்க, தேர் பாத்துட்டு வருவோம்."

ரத வீதியில எள்ளு போட்டா எண்ணெய் ஆகுற கூட்டம். மேளம் காதைக் கிழிக்குது. சுவத்துக்குச் சுவர் தன் போஸ்டரைக் காட்டிக்கிட்டே ஏகாம்பரம் முன்னால போனாரு. அம்மா கொஞ்சம் பின்தங்கி, 'எஃகு மலை'ன்னு கூப்பிட்டாங்க. யாரும் திரும்பலை. இன்னும் பலமாக் கூப்பிட்டாங்க. பலூன்காரன் மட்டும், யாரைம்மா தேடுறீங்கன்னு கேட்டான். ஏகாம்பரம் பாட்டுக்குப் போய்க்கிட்டே இருந்தாரு.

"வாளி," அம்மா மெதுவாத்தான் சொன்னாங்க.

பாதி வீதி திரும்புச்சு. முதல்ல திரும்பினது ஏகாம்பரம். "வாளியண்ணே, உங்களைத்தான்," பூக்காரம்மா ஒருத்தி வேற எடுத்துக் கொடுத்தா.

அவரு முகம் செத்துப்போச்சு. அம்மா கிட்ட வந்தாங்க.

"இந்தப் பேரு எப்ப வந்துச்சு ஐயா?"

சொல்ல ஆரம்பிச்சதும் அவருக்குக் குரல் ஏறிடுச்சு. சந்தை தீப்பிடிச்ச வருசம். அப்ப அவரு கவுன்சிலர்கூட இல்லை. ஓடுனவனை எல்லாம் சட்டையைப் பிடிச்சு இழுத்துக் கிணத்துல இருந்து கடை வரைக்கும் வரிசையா நிறுத்தி, உள்ளங்கைத் தோல் உரிய உரிய வாளி வாளியாத் தண்ணி வீசுனது. தேங்காக்கடைக்காரி பிள்ளையை உள்ள புகுந்து தூக்கிட்டு வந்தது. கையை வீசி வீசி நடிச்சே காட்டினாரு. தேரை விட்டுட்டு இவரைச் சுத்தி ஒரு கூட்டம் நின்னுச்சு.

"மறு வருசமே ஜெயிச்சேன் தாயே. அதுல இருந்து நான்தான் சேர்மன்."

"அதுக்கப்புறம் சேர்மனா இருந்த இத்தனை வருசத்துல இந்த ஊரு உங்களுக்கு வேற பேரு எதுவும் வைக்கலையா?"

ஏகாம்பரம் துண்டை எடுத்து முகத்தைத் துடைச்சாரு. ரொம்ப நேரம் துடைச்சுக்கிட்டே இருந்தாரு.