பிளாஸ்க்கோடு வருபவர்

"என்னை மாணவனா ஏத்துக்குவீங்களா?" என்று கேட்டார் மாசிலாமணி.

பாடகி சௌந்தரவல்லி கண்ணாடி முன் நின்று பொட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார். கச்சேரிக்குக் கொஞ்ச நேரமே இருந்தது. கேட்டவர் அவரைவிட மூத்தவர், தலை நரைத்தவர்.

"கிரீன் ரூமுக்குள்ள எப்படி வந்தீங்க?"

மாசிலாமணியின் முகம் மலர்ந்தது. யாரும் கேட்காத தம்முடைய கலையைப் பற்றி, கடைசியில் ஒருவர் கேட்டுவிட்டார்.

"வெள்ளை வேட்டி, கையில பிளாஸ்க். அவ்வளவுதான். நிக்கக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. பாடறவங்களுக்கு வெந்நீர் போகுதுன்னு வழி விட்டுடுவாங்க. எந்த சபாவிலயும் என்னைத் தடுத்ததில்லை."

வில்லைத் துடைத்துக்கொண்டிருந்த வயலின்காரர் பசுபதி சிரித்துவிட்டார்.

"அடேங்கப்பா! போன மாசம் இந்த சபாச் செயலாளரையே வெளியில நிறுத்தி, நீங்க யாருன்னு கேட்டாங்க. அவருக்கும் ஒரு பிளாஸ்க் வாங்கிக் கொடுங்க சார்."

"எல்லா வித்வான்களையும் பார்த்திருக்கேன்," என்றார் மாசிலாமணி. "எல்லார் கூடவும் படம் இருக்கு."

"கச்சேரி?" என்றார் சௌந்தரவல்லி.

"அதுக்கு எங்கேம்மா நேரம்? பாட்டு முடியறதுக்குள்ள பின்பக்கம் வந்து நிக்கணுமே."

சௌந்தரவல்லி ஏதோ சொல்ல வாயெடுத்தார். இருமல்தான் வந்தது. காலையிலிருந்தே தொண்டை கட்டியிருந்தது. கூடவே வரும் மாணவிக்குக் காய்ச்சல். அன்று வெந்நீர் கொண்டுவர ஆளில்லை.

அவர் கையை நீட்டினார்.

"கொஞ்சம் ஊத்துங்க."

மாசிலாமணி பிளாஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"காலி பிளாஸ்க்ம்மா."

"இன்னிக்கா?"

"எப்பவுமே. தூக்க லேசா இருக்குமேன்னு..."

இம்முறை பசுபதி சிரிக்கவில்லை.

சௌந்தரவல்லி பிளாஸ்க்கை வாங்கினார். மூடியைத் திறந்து, சங்கைப் போலக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு மூடித் திருப்பிக் கொடுத்தார்.

மணி அடித்தது. அவர் மேடைக்குப் போனார்.

"என் கேள்விக்குப் பதில் சொல்லலையே," என்றார் மாசிலாமணி.

"சொல்லிட்டாங்களே சார்," என்றார் பசுபதி, வயலினோடு போகிற போக்கில்.

*

மாசிலாமணி வந்து நின்ற சபா கான்டீனில் ஓர் ஒலிபெருக்கி இருந்தது.

அதில் சௌந்தரவல்லியின் காம்போதி ராகம் ஒலித்தது. குரல் மேல் ஸட்ஜ சுரத்தைத் தேடி ஏறியது. இருட்டில் படி தெரியாதவரைப் போல நின்றது. இறங்கிவிட்டது. மறுபடி ஏறியது. மறுபடி இறங்கியது.

"தொண்டை போச்சு," என்றார் கேசரி தின்றுகொண்டிருந்த ஒருவர். "பாவம். இத்தோட முடிச்சுக்கறது மரியாதை."

மாசிலாமணி அடுப்பருகே போனார்.

"மாஸ்டர், வெந்நீர் வேணும்."

"காபி இருக்கு. டீ இருக்கு."

"வெந்நீர்தான்."

"சார், இன்னும் கொஞ்ச நேரத்துல தனி வந்துடும். மிருதங்கக்காரர் மட்டும் வாசிப்பார், ஊரே இங்க வந்து தோசை கேக்கும். எனக்கு ஏது கை?"

"தோசையை நான் பார்த்துக்கறேன். நீங்க தண்ணியை வைங்க."

மாஸ்டர் அவர் வேட்டியின் வெள்ளையைப் பார்த்தார். தோசைக் கரண்டியைக் கொடுத்தார்.

முதல் தோசை கிழிந்தது. இரண்டாவது கருகியது. மூன்றாவதைத் திருப்புகையில் விரல் சுட்டது.

"நீங்க பாட்டுக்காரரா சார்?"

"இல்லை."

"சமையலும் இல்லை போலிருக்கே."

தண்ணீர் கொதித்தது. மாசிலாமணி பிளாஸ்க்கைக் கழுவினார். உள்ளேயிருந்து தூசி வந்தது. மறுபடியும் கழுவினார்.

ஒலிபெருக்கியில் பாட்டு நின்று, மிருதங்கம் தொடங்கியது. அரங்கத்திலிருந்து கூட்டம் காபிக்கு வெளியே வந்தது. அவர் ஒருவர் மட்டும் எதிர்த்திசையில் நடந்தார்.

*

மேடைப் பின்வாசலில் காவலர் இருதயராஜ் கையைக் குறுக்கே நீட்டினார்.

"நில்லுங்க சார். பிளாஸ்க்கோட யாரையும் விடக் கூடாதாம். செயலாளர் இப்பத்தான் சொல்லிட்டுப் போனார்."

மேடைக்குப் போகும் வழியில் பசுபதி சொன்ன பிளாஸ்க் வேடிக்கை செயலாளர் காதுவரை போயிருந்தது.

ஒரு வாசலுக்குப் பத்துப் பொய் மாசிலாமணியிடம் உண்டு. அன்று ஒன்றும் வாயில் வரவில்லை.

"நான் போகலைங்க. இது போகட்டும்."

"இதுல என்ன?"

"திறந்து பாருங்க."

இருதயராஜ் திறந்தார். ஆவி எழுந்து அவர் மூக்குக்கண்ணாடியை மூடியது.

"சுடச்சுட இருக்கே!"

"மிருதங்கம் முடியறதுக்குள்ள அம்மா கையில கொடுத்துடுங்க. ஓடுங்க ஐயா."

கதவு மூடிக்கொண்டது.

மாசிலாமணிக்குக் கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. எந்த வாசலிலும் வெறுங்கையோடு அவர் நின்றதில்லை. முன்னால் கட்டிக்கொண்டார். பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு கதவில் காதை வைத்தார்.

மிருதங்கம் ஓடி, பாய்ந்து, முத்தாய்ப்பை மூன்று முறை சொல்லி நின்றது. எடுத்த பாட்டை மேடையில் இருந்தவர்கள் முடித்தார்கள்.



பிறகு சௌந்தரவல்லி விருத்தம் எடுத்தார். தாளம் இல்லை. பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாத வெட்டவெளியில் குரல் மட்டும். கீழே கொஞ்சம் தயங்கியது. ஒரு சொல்லைத் தொட்டது. அதையே மறுபடி தொட்டது.

ஏறியது.

மாசிலாமணி காதைக் கதவில் இன்னும் அழுத்தினார்.

மேல் ஸட்ஜம். குரல் அங்கே போய் நின்றது. நடுங்காமல் நின்றது. மலை உச்சியில் ஏற்றிய விளக்காக நின்றது.

கான்டீன் பக்கம் பெஞ்சுகள் சரியும் சத்தம். கையில் பாதிக் காபியோடு ஆட்கள் அரங்கத்துக்கு ஓடினார்கள். கேசரிக்காரர் எல்லோருக்கும் முன்னால் ஓடினார்.

பின்வாசல் கதவு திறந்தது. இருதயராஜ் வந்தார். அவரும் நின்று கேட்டுவிட்டுத்தான் வந்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கையில் கழற்றி வைத்திருந்தார்.

"குடிச்சாங்க சார். பிளாஸ்க்கைப் பார்த்துட்டு, கொண்டுவந்தது யாருன்னு கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"உங்க பேரு எனக்கு எங்க தெரியும்? வெளியில ஒருத்தர் நிக்கறார்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"'என் மாணவர் எதுக்கு வெளியில நிக்கறார்?'னு கேட்டாங்க. வாங்க சார், உள்ள வாங்க."

கதவு அகலத் திறந்தது. குரல் இன்னும் ஒரு சுரம் மேலே போயிற்று.

மாசிலாமணி உதட்டில் விரலை வைத்தார்.

"இருங்க ஐயா. பாடறாங்க."